குதிக்காலும் ஒரு பழைய செய்தியும்

2012ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு புதன்கிழமை மாலை. வெள்ளவத்தையில் உள்ள மண்டபமொன்றில் பூப்பந்தாட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது யாரோ பின்னால் வந்து எனது இடது குதிக்காலுக்குச் சற்று மேலே ஓங்கி உதைத்தார். அப்படித்தான் உணர்ந்தேன். கோபத்துடன் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர் மட்டுமே இருந்தது. வலைக்கு அப்பால் நின்ற நண்பர், "மட்டை உடைஞ்சிட்டுதோ?" என்று கேட்டார். பச்சை மூங்கில் முறிவதைப் போன்ற ஒரு சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. மட்டை என் கையில் முழுதாகவே இருந்தது. ஒரு அடி எடுத்து வைத்தேன். பாதம் எனக்குச் சொந்தமில்லாததுபோல் தரையில் சப்பென்று விழுந்தது.

அப்போது எனக்கு வயது 59. பாடசாலை நாட்களுக்குப் பிறகு விளையாட்டு என்பது எனக்கு எழுதும் பொருளாகவே இருந்தது. மைதானத்தின் ஓரத்தில் குறிப்புப் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தவன், இருதய வைத்தியர் ஒருவரின் அறிவுரையை அளவுக்கு மீறி நம்பி, உடலைச் சூடாக்காமலே இளைஞர்களோடு ஆடப் போனேன். குதிக்கால் தசைநாண் அறுந்து வருபவர்களில் பெரும்பாலோர் இந்த இனத்தவர்தாம் என்பதைப் பின்னர் அறிந்தேன். வாரம் முழுவதும் கதிரையில் இருந்துவிட்டு ஒருநாள் மாத்திரம் வீரர்களாகும் நடுவயது ஆண்கள்.

மறுநாள் காலையில் பார்த்த வைத்தியர் சுளுக்கு என்றார். பாதத்தை அசைக்கச் சொன்னார், அசைத்தேன். நடக்கச் சொன்னார், நொண்டி நொண்டி நடந்தேன். ஒரு களிம்பும் வலி மாத்திரையும் தந்து அனுப்பினார். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்துவதற்குக் கெண்டைக்காலின் ஆழத்தில் வேறு சில தசைகளும் இருக்கின்றன. தசைநாண் முற்றாக அறுந்தவரும் அவற்றின் உதவியால் பாதத்தை ஓரளவு அசைத்துக் காட்டுவார். நோவும் முதல்நாள் இருந்த அளவுக்கு இராது. ஆகவே இந்தக் காயம் சுளுக்காகக் கணிக்கப்படுவது உலகெங்கும் நடப்பதுதான்.

பதினொரு நாட்கள் களிம்பு பூசினேன். பன்னிரண்டாம் நாள் என்னைப் பார்க்க வந்த எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணரான உறவினர் ஒருவர் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னார். வலது கெண்டைக்காலைக் கையால் அமுக்கினார். பாதம் தானாகக் கீழே வளைந்தது. இடது கெண்டைக்காலை அமுக்கினார், பாதம் அசையவில்லை. அரை நிமிடத்துச் சோதனை. ஒரு கருவியும் தேவைப்படவில்லை. இங்கிலாந்தில் சிம்மன்ட்ஸ் 1957இலும் அமெரிக்காவில் தொம்சன் 1962இலும் எழுதியதால் இருவரின் பெயராலும் அது அழைக்கப்படுகிறது. "முழுக்க அறுந்துபோச்சு" என்றார் உறவினர். என் மனைவி அழுதாள். நானோ, எத்தனையோ வீரர்களுக்கு நேர்ந்ததாக எழுதிய ஒரு சொற்றொடரின் பொருள் இதுதானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மனித உடலில் உள்ள தசைநாண்களில் மிகத் தடித்ததும் வலியதும் இதுவே. ஓடும்போது உடல் நிறையின் பல மடங்கு சுமையை இது தாங்குகிறது. ஆயினும் குதி எலும்பிலிருந்து இரண்டு முதல் ஆறு சென்ரிமீற்றர் வரை மேலேயுள்ள பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலும் அங்கேதான் அறுகிறது. எனக்கும் அங்கேதான்.

அக்கிலீசின் பெயரை இத்தசைநாணுக்கு அச்சேற்றியவர் பிலிப் வெர்ஹெயன் என்ற உடற்கூற்றியலாளர்; 1693இல் வெளியான தம் நூலில். குருவாவதற்குப் படித்துக்கொண்டிருந்த அவர், நோயினால் ஒரு காலை இழந்தபின்னரே மருத்துவத்துக்கு வந்தவர். அக்கிலீசைத் தாய் குதிக்காலில் பிடித்து ஆற்றில் தோய்த்தாள் என்ற கதை ஹோமரின் இலியட்டில் இல்லை, அது பிற்கால ரோமக் கவிஞர் ஒருவரிடம் கிடைப்பது. நமக்கு இதெல்லாம் அந்நியமான செய்தியன்று. கண்ணபிரானையே பாதத்தில் அம்பெய்து முடித்துவைத்தது நமது பாரதம். படுத்திருக்கும் பத்திரிகையாளனுக்கு இத்தகைய விடயங்களைத் தேடிப் படிப்பதைவிட வேறு வேலை இல்லை, வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

பன்னிரண்டு நாட்கள் தாமதமாகிவிட்டதால் அறுந்த முனைகள் விலகிப்போயிருக்கும் என்று சத்திரசிகிச்சை செய்தார்கள். உரிய நேரத்தில் கண்டுபிடித்திருந்தால் வெட்டாமலே, பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டியும் குணப்படுத்தலாம். இரண்டில் எது மேல் என்ற வாதம் நீண்டகாலமாக நடக்கிறது. 2022இல் நோர்வேயில் 526 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வெளியானபோது ஆவலோடு படித்தேன். ஓராண்டின் முடிவில் காலின் இயக்கத்தில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. வெட்டாதவர்களில் 6.2 வீதத்தினருக்கு மீண்டும் அறுந்தது. வெட்டித் தைத்தவர்களில் 0.6 வீதத்தினருக்கு. ஆனால் வெட்டியவர்களிடையே நரம்புப் பாதிப்பு அதிகம். எந்த வழியில் சென்றாலும் அதன்பின் போகவேண்டிய இடம் ஒன்றே. பிசியோதெரபி என்று நாம் சொல்லும் இயன்மருத்துவத்தின் அறை.

அந்த அறைக்கு நான் போனது சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் வாரத்தில். பிளாஸ்ரர் கட்டை வெட்டி எடுத்தபோது வெளியே வந்த காலைக் கண்டு திடுக்கிட்டேன். கெண்டைக்கால் தசை தொங்கும் பையைப்போல் இருந்தது. அளவுநாடாவால் அளந்தார்கள், மற்றக் காலைவிட மூன்று சென்ரிமீற்றர் குறைவு. மூன்று வாரத்தில்! மனித உடல் பயன்படாத எதையும் வைத்துக் காப்பதில்லை. அதிலே நமது அலுவலகங்களைவிட அது கண்டிப்பானது.

எனக்குப் பொறுப்பாக வந்தவர் வவுனியாவைச் சேர்ந்த இளம் பெண். வயது முப்பதுக்குள். என்னை "ஐயா" என்று அழைத்தார். நான் "பிள்ளை" என்றேன். மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் சலுகை என்பது அவரிடம் கிடையாது. முதல்நாள் குளியலறையில் வைக்கும் நிறை பார்க்கும் தராசு ஒன்றைத் தரையில் வைத்து, "இடது காலை இதிலை வைச்சு அமத்துங்கோ. இருபது கிலோ வந்தவுடனை நிப்பாட்டுங்கோ" என்றார். அமத்தினேன். முள் முப்பத்தெட்டுக்குப் போனது. "ஐயா, இருபது எண்டால் இருபதுதான்." திரும்பவும் அமத்தினேன், பன்னிரண்டு. நாற்பது வருடமாகத் தலைப்புகளின் எழுத்தெண்ணிக்கையைக் கண்ணாலேயே அளந்தவன் நான். என் காலின் பாரத்தை அளக்க எனக்குத் தெரியவில்லை. இருபது கிலோ எவ்வளவு என்று என் பாதத்துக்குத் தெரிய நான்கு நாட்கள் பிடித்தன.

குதியின்கீழ் ஆப்புகள் வைத்த ஒரு பெரிய சப்பாத்து. சில நாட்களுக்கொரு தடவை ஒரு ஆப்பு கழற்றப்படும். பாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டைக்கு வரும். பின்னர் இறப்பர்ப் பட்டியை இழுப்பது, தரையில் விரித்த துவாயைக் கால்விரல்களால் சுருட்டுவது. எட்டாவது வாரத்தில் ஒரு புதிய பயிற்சி: காலை நீட்டி உட்கார்ந்து பெருவிரலைப் பேனாவாக நினைத்து காற்றில் எழுத்துக்களை எழுதவேண்டும். ஆங்கில அரிச்சுவடியை எழுதச் சொல்வது வழக்கமாம். நான் தமிழில் எழுதுவதாகச் சொன்னேன். "அப்ப 247ஐயும் எழுதுங்கோ, கால் கெதியாச் சுகப்படும்" என்றார் பிள்ளை. ‘அ’வின் சுழி எவ்வளவு கடினமானது என்பதை அந்த வயதில்தான் கண்டேன். ‘ட’ இலகு. ‘ஞ’வில் எப்போதும் தசைப்பிடிப்பு.

இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் அறுந்த தசைநாண் ஒட்டும்போது முதலில் உருவாகும் இழைகள் ஒழுங்கற்றவை; மெலிந்தவை. அவை சுமையைச் சந்திக்கச் சந்திக்கவே இழுவிசையின் திசையில் வரிசைப்பட்டு வலுப்பெறுகின்றன. சுமையே கொடுக்காவிட்டால் ஒட்டு தளர்ந்துவிடும். அளவுமீறிக் கொடுத்தால் அறுந்துவிடும். அந்த வேலை முடிய ஒரு வருடத்துக்கு மேலாகும். பூரண ஓய்வுதான் மருந்து என்று நம்பி வளர்ந்த தலைமுறை எமது. அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின் 1978இல் தம் நூலில் ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து வழங்கிய சூத்திரத்தை நானே விளையாட்டுப் பக்கத்தில் எத்தனை தடவை பிரசுரித்திருப்பேன்! 2014இல் அவரே, பனிக்கட்டியும் பூரண ஓய்வும் குணமாவதைத் தாமதிக்கச் செய்யலாம் என்று எழுதினார். தாம் சொன்னதைத் தாமே திருத்திய மனிதர். அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. காரணம் பின்னால் வருகிறது.

அந்த அறையில் பலர் இருந்தார்கள். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த முன்னாள் அதிபர் ஒருவர். தோள் இறுகிப்போன ஒரு தாய். இணைகம்பிகளுக்கிடையே செயற்கைக் காலுடன் நடை பழகிய, இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க முல்லைத்தீவுப் பக்கத்து இளைஞர். 1894இல் லண்டனில் நான்கு தாதியர் கூடி ஆரம்பித்த சங்கம்தான் பிரித்தானிய இயன்மருத்துவத்தின் தொடக்கம் என்பார்கள். பின்னர் அதை வளர்த்தவை இரண்டு உலகப் போர்களும் போலியோவும். எங்கள் நாட்டில் அதற்கு எங்கள் போர் வேலை கொடுத்தது. அந்த இளைஞர் ஒருநாள் எனது பெரிய சப்பாத்தைப் பார்த்துவிட்டு, மிகுந்த பரிவோடு கேட்டார்:

"ஐயாவுக்கும் செல்லோ?"

"இல்லைத் தம்பி. பட்மின்ரன்."

ஒரு கணம் அவருக்கு விளங்கவில்லை. பிறகு சிரித்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதன்பின் என்னைக் காணும்போதெல்லாம் கையால் பந்தடிப்பதுபோல் சைகை காட்டுவார். நான் பயிற்சியில் சோம்பினால் மறுபக்கத்திலிருந்து, "ஐயா, இன்னும் அஞ்சு கிடக்கு" என்பார். அவர் நாளொன்றுக்கு எத்தனை தடவை அந்தக் கம்பிகளுக்கிடையே போய்வந்தார் என்று நான் ஒருநாளும் எண்ணவில்லை.

பதினான்காவது வாரம். ஊன்றுகோல் போய்விட்டது, சப்பாத்தும் போய்விட்டது. இரண்டு காலிலும் நின்று குதியை உயர்த்துவேன். நல்லாக வந்துவிட்டேன் என்ற நினைப்பு. காலி வீதியில் புறப்படத் தயாரான பஸ்ஸைப் பிடிக்க நான்கு எட்டு ஓடினேன். நான்காவது எட்டில் அதே இடத்தில் ஒரு சுரீர். பஸ் போய்விட்டது. நான் கம்பமொன்றைப் பிடித்துக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்க்கவே அஞ்சி நின்றேன்.

பிள்ளை குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்கினார். பாதம் வளைந்தது. "அறேல்லை. ஆனால் இனிப் பஸ்ஸுக்கு ஓடினால் நான் பாக்கமாட்டன்." நோவைப் பத்தில் எத்தனை என்று எண்ணிச் சொல்லும் பழக்கத்தை எனக்குக் கற்பித்திருந்தார். பயிற்சியின்போது மூன்று வரை வரலாம்; அடுத்தநாள் காலையில் அது கூடியிருக்கக்கூடாது. அன்று நான் சொன்ன எண் இரண்டு. அச்சம் எத்தனை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பத்து என்றிருப்பேன்.

அடுத்த மூன்று வாரம் நான் குதியை உயர்த்தவே இல்லை. வீட்டுக் கதவை மூடிக்கொண்டு நிற்பேன். உயர்த்த நினைக்கும்போதே அந்த மூங்கில் சத்தம் காதில் கேட்கும். செய்ததாகப் பயிற்சிக் கொப்பியில் எழுதிவைத்தேன். காலை 15, மாலை 15. இருந்த இடத்தில் இருந்துகொண்டே செய்தி புனைவது எமது தொழிலில் மாபெரும் குற்றம். என்னிடம் பயின்றவர்களை அதற்காக வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறேன். மூன்று வாரம் கழித்துப் பிள்ளை அளவுநாடாவைச் சுற்றினார். ஒரு மில்லிமீற்றரும் கூடவில்லை. நாடாவையும் பார்த்தார், கொப்பியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கொப்பியை மூடிவிட்டு, என் முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டினார். "என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு உயர்த்துங்கோ. நான் எண்ணுறன்."

அன்றிரவுதான் எனக்கு அந்த உதைபந்தாட்டக்காரரின் நினைவு வந்தது.

1976. எனக்கு 23 வயது. யாழ்ப்பாணத்தில் விளையாட்டுச் செய்திகள் எழுதத் தொடங்கிய காலம். முற்றவெளியில் கழகங்களுக்கிடையிலான அரையிறுதி ஆட்டம். அந்த முன்கள வீரரை அறியாதவர் குடாநாட்டில் அன்று குறைவு. இடது பக்கமாக அவர் பந்தை எடுத்துவந்தால் மதிலில் இருப்பவர்களும் எழுந்து நிற்பார்கள். முந்தைய வருடம் வலது முழங்காலில் காயப்பட்டு, முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் பூசி, உழுத்தம்மாப் பத்துப் போட்டு, ஒன்பது மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். அன்று அவர் ஆடவில்லை. பந்து வரும், எதிரணியின் பின்கள வீரரும் வருவார், இவர் விலகிவிடுவார். ஒன்றல்ல, பத்துத் தடவை. கழகம் தோற்றது.

நான் எழுதினேன்: "மைதானத்தின் நடுவே நின்று ஆட்டத்தை இலவசமாகப் பார்த்த ஒரே ரசிகர் அவர்தான்."

செய்தி ஆசிரியர் அந்த வசனத்தைத் தடித்த எழுத்தில் போட்டார். தேநீர்க் கடையில் ஒருவர் அதை உரக்கப் படிக்கக் கேட்டேன். எழுதத் தொடங்கியவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? "ஓசி ரசிகர்" என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது. அடுத்த ஆட்டத்துக்கு அவர் வந்தபோது பார்வையாளர்கள் நுழைவுச்சீட்டுக் கேட்டார்கள். அதற்கடுத்த ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. பிறகு எப்போதும் வரவில்லை.

காயத்திலிருந்து மீண்டவர்களைப் பற்றி அதன்பின்னரும் நிறைய எழுதினேன். டெனிஸ் லில்லி 1973இல் மேற்கிந்தியச் சுற்றுப்பயணத்தில் முதுகெலும்பில் வெடிப்புகள் ஏற்பட்டு, ஆறு வாரம் உடலைச் சுற்றிப் பிளாஸ்ரருடன் கிடந்தார். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித்துறையைச் சேர்ந்த பிராங்க் பைக் வகுத்த பயிற்சிகளால் மீண்டு வந்து 1974-75 ஆஷஸ் தொடரில் 25 விக்கெட்டுகளை எடுத்தார். 1996இல் உலகக் கிண்ணத்தை வென்ற நமது அணியோடு அலெக்ஸ் கொண்டூரிஸ் என்ற அவுஸ்திரேலிய இயன்மருத்துவர் இருந்தார். வெற்றிப் படங்களில் அவரைத் தேடிப் பார்த்த பத்திரிகையாளர் எத்தனை பேர்? முத்தையா முரளிதரன் 2004 ஓகஸ்ட்டில் தோளில் சத்திரசிகிச்சை செய்துகொண்டபோது அவர் எடுத்திருந்த டெஸ்ட் விக்கெட்டுகள் 532. ஓய்வு பெறும்போது 800. இடையிலுள்ள 268 விக்கெட்டுகளும் சீர்செய்யப்பட்ட ஒரு தோளிலிருந்து வந்தவை. இவற்றுக்கெல்லாம் நான் ஒதுக்கிய இடம் ஒரே வரி: "காயத்திலிருந்து குணமடைந்து அணிக்குத் திரும்பினார்." அந்த ஒரு வரிக்குள் தராசும் துவாயும் இறப்பர்ப் பட்டியும் எத்தனை ஆயிரம் தடவைகளும் கிடந்தன என்பது எனக்குத் தெரியாது.

அவர் பயந்திருப்பார் என்று இப்போது விளங்கியது. நான் கதவை மூடிக்கொண்டு நின்றதைப்போல அவர் ஆயிரக்கணக்கானோர் முன்னால் நின்றார். பின்னர் இதுபற்றித் தேடிப் படித்தேன். கிளெயார் ஆர்டேனும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, முழங்காலின் ஏ.சி.எல். இணையத்தைச் சத்திரசிகிச்சையால் சீர்செய்தவர்களில் 81 வீதத்தினர் ஏதாவதொரு விளையாட்டுக்குத் திரும்புகிறார்கள். பழைய தரத்துக்குத் திரும்புவோர் 65 வீதம். போட்டிகளுக்குத் திரும்புவோர் 55 வீதம் மட்டுமே. இன்றைய சத்திரசிகிச்சையும் இயன்மருத்துவமும் கிடைத்தவர்களின் கணக்கு இது. திரும்பாதவர்கள் சொல்லும் காரணங்களில் மீண்டும் காயப்படுவோம் என்ற அச்சம் முக்கியமானது. ஆகவே அவருக்கு எழுதவேண்டும், மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தீர்மானித்தேன். தீர்மானித்துவிட்டு, பத்து வருடத்துக்கு மேல் அதைத் தள்ளிப்போட்டேன். முகவரி இல்லை என்பது ஒரு சாட்டு. உலகெங்கும் சிதறிய எம்மவரைக் கண்டுபிடிப்பதற்கு மூன்று தொலைபேசி அழைப்புகளுக்கு மேல் தேவையில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதற்கிடையில் என் கால் தேறியது. சுவீடனைச் சேர்ந்த ஹோகன் அல்பிரெட்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் பயிற்சியைப் பிள்ளை கடைசிக் கட்டத்தில் தந்தார். அவருக்கே குதிக்கால் தசைநாணில் நாட்பட்ட நோவு இருந்ததாம். வெட்டிவிடும்படி தமது தலைமை வைத்தியரைக் கேட்டார். விடுப்புக் கொடுக்க முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். அறுந்தால் வெட்டித்தானே ஆகவேண்டும் என்று, படிக்கட்டு விளிம்பில் நின்று குதியைப் பாரத்தோடு கீழே இறக்கி இறக்கிப் பார்த்தார். அறவில்லை, நோ போய்விட்டது. 1998இல் அதை ஆய்வாக வெளியிட்டார். முழங்காலை நீட்டி 15 தடவையாக மூன்று முறை, மடித்து 15 தடவையாக மூன்று முறை, நாளுக்கு இருவேளை. மொத்தம் 180. அது அறாத தசைநாணின் நாட்பட்ட நோவுக்காக வகுக்கப்பட்டது. எனக்கு அதில் பாதிதான் தரப்பட்டது. அலுவலகத்தில் அச்சகத்துக்கு இறங்கும் படியில் நின்று செய்வேன். ஐயா யாருக்கோ காத்து நிற்கிறார் என்று புதிதாக வந்த பையன்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒற்றைக் காலில் நின்று குதியை முழுமையாக உயர்த்த எனக்குப் பதினொரு மாதங்கள் சென்றன. அன்று பிள்ளைக்கு ஒரு பெட்டி தொதல் வாங்கிக்கொண்டு போனேன். முல்லைத்தீவு இளைஞர் அதற்கு முன்னரே பயிற்சியை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து வந்த பழைய நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில் அந்த உதைபந்தாட்டக்காரரின் பெயரைச் சொன்னார். தொலைபேசி எண்ணும் அவரிடம் இருந்தது. இனிச் சாட்டு இல்லை. அங்கே காலை பத்து மணியாகும் நேரம் பார்த்து அழைத்தேன். பெயரைச் சொன்னேன். சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. பின்னர், ஒரு எழுத்தும் பிசகாமல், "மைதானத்தின் நடுவே நின்று..." என்று முழு வசனத்தையும் சொன்னார்.

"அண்ணை, அதுக்குத்தான் எடுத்தனான். நீங்கள் பயந்துபோய் நிண்டதை நான் அண்டைக்கு விளங்கேல்லை. எனக்கும் கால் அறுந்து..." என்று நான் ஒத்திகை பார்த்துவைத்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

"பயமோ?" என்று இடைமறித்தார். "எனக்குப் பயமில்லைத் தம்பி. முழங்கால்தான் இல்லை."

அவர் சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் முழங்காலுக்குள் ஏதோ வழுகியது. ஓடலாம், நேராக எவ்வளவும் ஓடலாம். திரும்பினால் மேற்கால் ஒருபக்கம் கீழ்க்கால் ஒருபக்கம். வெளியிலே வீக்கமில்லை. யாருக்குச் சொல்லியும் நம்பவில்லை. பிற்காலத்தில் கனடாவில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த வைத்தியர், உன் ஏ.சி.எல். எப்போதோ அறுந்துபோய்விட்டது, எங்கே விழுந்தாய் என்று கேட்டாராம். அதற்குள் குருத்தெலும்பும் தேய்ந்திருந்தது. 2009இல் முழங்காலையே மாற்றினார்கள்.

நான் அவரைக் கோழை என்று எழுதினேன். அதன்பின் பெருந்தன்மையோடு அவருடைய கோழைத்தனத்தை மன்னிக்கத் தயாரானேன். இரண்டு தடவையும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டம் முடிந்து ஐம்பது யார் தூரத்தில்தான் அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஏ.சி.எல். அறுந்திருப்பதைக் கையாலேயே கண்டறியும் லக்மன் சோதனை மருத்துவ ஏட்டில் விவரிக்கப்பட்டதே அந்த 1976இல்தான். யாழ்ப்பாணத்தில் அன்று அதை எவரும் அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் என்ன செய்கிறது என்று கேட்டிருந்தால், வழுகுகிறது என்று அவர் சொல்லியிருப்பார். நானும் எழுதியிருப்பேன்.

ஒன்றேகால் மணித்தியாலம் பேசினோம். முற்றவெளியைப் பற்றி, காலமாகிவிட்ட கோல் காப்பாளரைப் பற்றி, பனிக்காலத்தில் நோகும் முழங்காலைப் பற்றி. மாற்றிய முழங்காலுக்கு அவருடைய இயன்மருத்துவர் தந்த பயிற்சிகளை இன்னும் செய்கிறாராம். நான் காற்றில் தமிழ் எழுதிய கதையைச் சொன்னபோது சிரித்தார். மன்னிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வைப்பதற்குமுன் கேட்டார்:

"தம்பி, பேப்பரிலை பிழை வந்தால் திருத்தம் போடுறது உங்கடை வழக்கமெல்லோ? எனக்குப் போடுவியளோ?"

அந்தப் பத்திரிகை இப்போது வெளிவருவதில்லை என்றேன்.

"அது எனக்குத் தெரியும். எங்கையாவது போடுங்கோ. பேரைப் போடவேண்டாம். தெரிஞ்சவைக்குத் தெரியும்."

திருத்தம்: 1976ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடைபெற்ற உதைபந்தாட்ட அரையிறுதி ஆட்டம் பற்றி நான் எழுதிய செய்தியில், தோல்வியடைந்த அணியின் முன்கள வீரர் விளையாடாமல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அது தவறு. வலது முழங்காலில் ஏ.சி.எல். அறுந்திருந்த நிலையில் அவர் தொண்ணூறு நிமிடங்களும் விளையாடினார்.